வேஷம் இறக்குதல்

ரேனல்ட் செத்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவர் மனைவி இடோனி இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பெரிய கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் தலையைத் திருப்பி இடோனியின் முகத்தைப் பார்த்தார்கள். அதனாலேயே மகள் எம்மட்டுக்கு மணிக்கணக்கு மறக்கவில்லை. இப்போதும் பார்த்தார்கள். இடோனி சவச்சீலையின் கால்பக்கத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒரே அளவு இடைவெளியில் போய்வந்தது. எம்மட் அப்பாவின் குதிகால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றாள் அம்மா.

எம்மட் தூக்கினாள். கால்கள் கனத்தன. முந்தாநாள்வரை வெட்டுமரத்தின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள். வாதம் வந்து வலது பக்கம் செத்துப்போய் அவர் விழுந்தபோது கையில் கத்தி இருந்தது. அதைப் பிடியிலிருந்து எடுக்க மருமகன், எம்மட்டின் கணவன் பியர்ஸுக்கு நிறைய நேரம் பிடித்தது.

"அழுதுடு இடோனி," என்றாள் ஹாவிஸ். எதிர்க்கடைக்காரி, அம்மாவைவிட மூத்தவள். "உள்ளயே வெச்சிருந்தா நெஞ்சடைச்சுக்கும்."

"நூல் தீந்துபோச்சு. அந்த உருண்டையை எடு."

ஹாவிஸ் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மற்றப் பெண்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை படியிறங்கித் தெருவுக்குப் போக அதிக நேரம் ஆகாது என்று எம்மட்டுக்குத் தெரியும்.

தெரு முழுக்க அழுதுகொண்டிருந்தது. கசாப்புத் தெரு மட்டுமில்லை, யார்க் நகரமே. காலையில் துக்க மணி அடித்தவுடன் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்து வாசலில் மண்டியிட்டுவிட்டுப் போனார்கள். முகம் தெரியாத ஒரு கிழவி எம்மட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புருசன் செத்தப்பகூட நான் இப்படி அழுததில்ல தாயி. உங்கப்பா அழுததைப் பாத்துத்தான் அழக் கத்துக்கிட்டேன்," என்றாள்.

தேவநற்கருணைத் திருநாளன்று ஊரிலுள்ள ஒவ்வொரு தொழில் சங்கமும் வேதத்தில் தனக்கு விழுந்த பங்கை ஒரு தேரில் வைத்து நடித்துக்கொண்டு வீதி சுற்றும். கப்பல் கட்டுகிறவர்களுக்கு நோவாவின் பேழை. ரொட்டி சுடுகிறவர்களுக்குக் கடைசி இராப்போசனம். ஆணிக்காரர்கள் ஆண்டவரைச் சிலுவையில் அறைவார்கள். பின்னால் வருகிற கசாப்புக்காரர்களின் தேரில் அவர் சாவார். ஈட்டி குத்துகிற இடத்துக்கு நல்ல ரத்தம் அவர்களிடம்தான் கிடைக்கும். விடியுமுன் கிளம்புகிற தேர் பன்னிரண்டு நிலைகளில் நின்று, நிலைக்கு ஒரு சாவு முடித்து, தீப்பந்த வெளிச்சத்தில் கொட்டகைக்குத் திரும்பும். தேருக்கு ஒரு ஆண்டவர் வேஷம், ஒரு சேசு என்பதால் அன்றைக்கு ஊருக்குள் இருபதுக்கு மேல் சேசுக்கள் திரிவார்கள். ஒரு சேசு சந்துக்குள் ஒதுங்கினால் முனையில் இன்னொரு சேசு பீர் குடித்துக்கொண்டிருப்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெண்கள் தேரில் ஏறுவதில்லை. அதனால் மாதாக்கள் எல்லாரும் மழமழவென்று சவரம் செய்துகொண்ட ஆண்கள். நாலைந்து பேர் உண்டு. ஆனால் ஊரில் வெறுமனே 'மாதா' என்று சொன்னால் அது ரேனல்ட்தான்.

சங்கத்தின் நாடகப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'இங்கே மாதா அழுகிறாள்.' முதல் நிலையில் நகரசபை எழுத்தர் புத்தகத்தை மடியில் விரித்து, நடிப்பவர்கள் வரி பிசகாமல் சொல்கிறார்களா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வரி வந்ததும் விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்வார். அதற்கப்புறம் நடப்பது எதுவும் எழுதப்பட்டதில்லை. அது ரேனல்டிடம்தான் இருந்தது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருஷம் அவரும் மற்றவர்களைப் போல மார்பில் அடித்துக்கொண்டு கத்தினவர்தான். பிறகு ஒரு திருநாளில் திடீரென்று அந்த அழுகை வந்தது. எங்கிருந்து பிடித்தீர் என்று கேட்டவர்களிடம், "கனவுல மாதாவே வந்து காட்டிட்டுப் போனாங்க," என்பார். சொல்லும்போது சிலுவை போட்டுக்கொள்வார்.

ஊரில் அதைப் பார்க்காத ஒரே ஆள் அம்மாதான். எம்மட்டுக்கு நினைவு தெரிந்து ஒரு திருநாளுக்கும் அவள் வாசல் தாண்டியதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பாள். எல்லா வீடும் பூட்டித்தானே கிடக்கிறது என்று எம்மட் ஒரு தடவை கேட்டாள். அம்மா வாசலைப் பெருக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"முடிஞ்சுது," என்று அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "விடு."

எம்மட் கால்களைக் கீழே வைத்தாள்.

அடுக்களைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பின்கட்டில் ஹாவிஸின் குரல் கேட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"கல்லுடி அவ. வில்கின் செத்தப்ப பாத்தவ நான். நாலு வயசுப் புள்ள. ஆத்துல போயிட்டான். விடியக்காலைல ரெண்டு பேரும் தேடிப் போனாங்க. கொஞ்ச நேரத்துல புள்ளைய மார்ல சாத்திக்கிட்டு இந்தத் தெரு வழியாத்தான் நடந்து வந்தா. முகத்துல ஒண்ணுமே இல்ல. சந்தைக்குப் போயிட்டு வர்ற மாதிரி வந்தா."

"அவரு?" என்றாள் இன்னொருத்தி.

"அவரு பாவம், பின்னாடியே தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தாரு. பெத்த புள்ளைக்கே அழாதவ, கட்டினவனுக்கா அழப்போறா?"

"அந்த மனுசன் வருசா வருசம் ஊருக்கெல்லாம் சேத்து அழுதாரு. வீட்டுக்குள்ள அவருக்கு அழ ஆளில்ல பாரு."

எம்மட் குடத்தை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டாள். வில்கின் அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அண்ணன். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. தெருவில்தான் அவள் அதைக் கேள்விப்பட்டிருந்தாள். அவர்கள் சொன்னதில் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் அம்மா மேல்தான் வந்தது. அப்பா கலகலப்பானவர். அவளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு சந்தை சுற்றியவர். அந்த ஆளுக்கு, ஒப்புக்காவது, ஊர் பார்க்க ஒரு சொட்டு விட்டால் என்ன?

கடைக்குள் பியர்ஸும் சங்கத் தலைவர் வாரினும் நின்றிருந்தார்கள். வாரின் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். எம்மட்டைப் பார்த்ததும், "நீயும் வாம்மா. உனக்கும் சேத்துத்தான்," என்றார்.

"சொல்லுங்க மாமா."

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இந்தக் கடை உங்கப்பனுக்கு மாதா வேஷத்துக்காகச் சங்கம் குடுத்தது. தெருவுல முதல் கடை. அதுக்கு மேல வீடு. பியர்ஸு இன்னும் கூலிக்கு வெட்டறவன். சங்கத்துல சேரல."

"அடுத்த வருசம் சேத்துக்கலாம்னு அவருதான் சொல்லிட்டிருந்தாரு," என்றான் பியர்ஸ்.

"இப்ப அவரு இல்லையேப்பா. சாயங்காலம் வேஷம் இறக்கணும். நீ நில்லு. சங்கத்துக்காரங்க எல்லாரும் வருவாங்க. நீ அழுது அவங்க அழுதாங்கன்னா நீயும் சங்கத்துல ஒருத்தன், கடையும் உன்னுது. இல்லன்னா…" வாரின் தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பினார். "நம்ம சங்கத்து லாம்பர்ட்டு கடையைக் கேட்டுக்கிட்டிருக்கான். அவன் தம்பிக்குக் குரல் நல்லாருக்கு."

"எங்கம்மா எங்க போவா?" என்றாள் எம்மட்.

"நான் என்ன செய்யட்டும் சொல்லு. திருநாளுக்குப் பத்துப் பதினஞ்சு நாள்கூட இல்ல. போன வருசம் தச்சன் ஒருத்தன் மிக்கில்கேட் நிலைல குரல் எழும்பாம நின்னான். நகரசபை அபராதம் போட்டுடுச்சு. நம்ம தேர்ல அது நடந்தா முன்னாடி போற ஆணிக்காரனுங்க அடுத்த திருநாள்வரைக்கும் சிரிப்பானுங்க."

வேஷம் இறக்குவது கசாப்புக்காரர் சங்கத்தின் வழக்கம். நடிகன் ஒருவன் செத்துப்போனால், உடல் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன், அடுத்து வேஷம் கட்டப்போகிறவன் அதே துணியைப் போட்டுக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் நின்று ஒரு தடவை நடித்துக்காட்ட வேண்டும். இறக்காமல் விட்டால் வேஷமும் பிணத்தோடு மண்ணுக்குள் போய்விடும்.

வாரின் போனதும் பியர்ஸ் வெட்டுமரத்தில் சாய்ந்துகொண்டான். பெரிய உடம்பு, சிவந்த கைகள், பெண்ணுக்குப் பொருந்துகிற மெல்லிய குரல். அந்தக் குரலுக்காகத்தான் ரேனல்ட் அவனை வேலைக்குச் சேர்த்தார், பிறகு பெண்ணையும் கொடுத்தார்.

"ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலடி," என்றான். "கேக்கறப்பல்லாம், 'பாத்துக்கிட்டே இரு, தானா வந்துடும்'னாரு. நானும் ஆறு வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எல்லாம் மனப்பாடம். ஆனா நான் செஞ்சா எனக்கே சிரிப்பு வருது."

"சிரிக்காதே. வீடு போயிடும்."

"தெரியும்."

"போய்ப் பழகு. யாராவது வந்தா நான் பாத்துக்கறேன்."

அவன் கொல்லையிலிருந்த வெட்டுக்கொட்டகைக்குப் போனான். அங்கே காலையில் அறுப்பதற்கென்று முந்தின நாள் வாங்கி, துக்கத்துக்கு ஆட்கள் வருமுன் அவசரமாக அறுத்துத் தொங்கவிட்ட கன்றுக்குட்டி இருந்தது. சிலுவையில் தொங்கும் கால்களின் உயரத்துக்கு வேறு எதுவும் கிடைக்காததால் பியர்ஸ் அதன் முன்னால் மண்டியிட்டான். எம்மட் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

ரேனல்டின் அழுகையில் சத்தம் குறைவு. மாதா சிலுவையடிக்கு வருவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கால்களைப் பிடித்துக்கொண்டு அவற்றின் மேல் வாயால் ஊதுவாள், சூடேற்றுகிற மாதிரி. குளிருதா, குளிருதா என்று கேட்பாள். பிறகு தரையில் மூன்று தடவை உள்ளங்கையால் அடிப்பாள். அதற்கப்புறம்தான் அந்த இடம் வரும். திடீரென்று எதையோ பார்த்துவிட்டவள் மாதிரி நிறுத்துவாள். முக்காட்டின் நுனியை வாயில் வைத்து எச்சில் படுத்தி, மகனின் கணுக்காலிலிருந்து எதையோ துடைப்பாள். விளையாடிவிட்டு வந்த பிள்ளையைத் திட்டிக்கொண்டே துடைப்பதுபோல் துடைப்பாள். ஒவ்வொரு நிலையிலும் ஊர் உடைந்தது அங்கேதான். சன்னலில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்கள். மடத்துச் சாமியார் ஒருவர் அதற்கு விளக்கமாக ஒரு பிரசங்கமே வைத்தார். ஆண்டவரின் காலில் ஒட்டியிருப்பது மனுக்குலத்தின் பாவமாம், மாதா அதைத்தான் துடைக்கிறாளாம். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பியர்ஸ் கன்றின் குளம்புகளைப் பிடித்து ஊதினான். தரையில் அடித்தான். தோளில் கிடந்த துண்டின் நுனியை நக்கிக் குளம்பைத் துடைத்தான். கத்தி துடைக்கிற மாதிரி இருந்தது.

"சேச்சே," என்று அவனே சொல்லிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

அம்மா வினிகர்ச் சாடி எடுக்கக் கொட்டகைக்குள் வந்தாள். கட்டிலைத் துடைக்க வேண்டியிருந்தது. சாடி கன்றுக்குப் பின்னால் இருந்தது. அவள் பியர்ஸைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தாள். அவன் கூச்சத்தோடு எழப் பார்த்தான்.

"அத்தை, நீங்க வீட்டுல பாத்திருப்பீங்களே, மாமா பழகறப்ப…"

அம்மா சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவன் மறுபடி தரையில் அடித்தான். வாசலைத் தாண்டும்போது அவள் திரும்பாமலே சொன்னாள்:

"எடது கை."

"என்னங்க அத்தை?"

"எடது கையால அடிக்கணும். வலது கை காலைப் பிடிச்சிருக்கும். விட்டா வழுக்கிடும்."

அவள் போய்விட்டாள். பியர்ஸ் எம்மட்டைப் பார்த்தான். பிறகு இடது கையால் அடித்துப் பார்த்தான். உடம்பு தானாகவே ஒரு பக்கம் சரிந்தது. தலை குனிந்தது. சரியாக அப்பாவின் முதுகு.

"அடேயப்பா," என்றான் பியர்ஸ்.

எம்மட் அம்மாவின் பின்னாலேயே ஓடினாள். அடுக்களையில் அம்மா துணியை வினிகரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பம்மா பாத்தே?"

"எதை?"

"அப்பா அழறதை."

அம்மா துணியைப் பிழிந்தாள். கடைசிச் சொட்டு வரும்வரை பிழிந்தாள். "மெழுகுதிரி போதாது. ஹாவிஸ்கிட்ட ரெண்டு வாங்கிட்டு வா," என்றாள்.

அப்பா வீட்டுக்குள் பழகியிருக்க வேண்டும், அம்மா பார்த்திருக்க வேண்டும் என்று எம்மட் நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் வேறு சிலதும் நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டு, பிழைக்க மாட்டாள் என்று சாமியார் வந்துவிட்டுப் போன நாள். அம்மா அவள்மேல் குனிந்திருந்தாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். காய்ச்சலிலும் எம்மட் கவனித்தாள், அப்பா தன்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இன்று விடியுமுன் நடந்தது. பேச்சு போய், வாய் ஒரு பக்கம் கோணி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, உயிரோடிருந்த இடது கை போர்வையின் மேல் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப. "பாருங்கடி, சாகறப்பவும் மாதாவாவே சாகறாரு," என்று ஹாவிஸ் ஓவென்று அழுதாள். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

மாலைப் பூசை மணிக்கு முன்பே சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாடியறை நிறைந்து, படிக்கட்டிலும் நின்றார்கள். எல்லாரும் குளித்திருந்தும் மாட்டுக்கொழுப்பு வாசனை வந்தது. லாம்பர்ட் தன் தம்பியோடு சன்னலோரம் நின்றான். வாரின் நாடகப் பெட்டியிலிருந்து நீலப் போர்வையையும் முக்காட்டையும் எடுத்துப் பியர்ஸின் கையில் கொடுத்தார். அவன் போட்டுக்கொண்டான். தோளில் இறுக்கமாக இருந்தது.

"இடோனி," என்றார் வாரின், "கால்பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிக்கணும்மா. கால் இல்லாம அழ முடியாது."

அறையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அம்மா இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். காலையிலிருந்து ஒரே இடைவெளியில் போட்ட தையலை ஒன்றுவிடாமல் அறுத்தாள். சீலையை இரண்டு பக்கமும் விலக்கி மடித்து வைத்தாள். மஞ்சளாகப் போயிருந்த கால்கள் வெளியே வந்தன. அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பியர்ஸ் மண்டியிட்டான். கால்களைப் பிடித்தான், ஊதினான். "குளிருதா, குளிருதா" என்று கேட்டான். குரல் நன்றாகவே இருந்தது. படிக்கட்டில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அவன் இடது கையால் தரையில் அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. வாரின் முன்னால் சாய்ந்தார். பியர்ஸ் நிறுத்தினான். முக்காட்டு நுனியை வாயில் வைத்தான். துடைத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவன் இன்னொரு தடவை துடைத்தான். ஒரு ஆள் ஒரு பிணத்தின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். லாம்பர்ட்டின் தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான். பியர்ஸின் காது சிவந்தது. அவன் தரையில் அடிப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை இன்னும் மோசம்.

"போதும்ப்பா," என்றார் வாரின். கோபமில்லாமல்தான் சொன்னார். "உன் மேல தப்பில்ல. ரேனல்டுக்கு மாதாவே கனவுல வந்து காட்டினாங்க. உனக்கு யாரு வந்து காட்டுவா? லாம்பர்ட்டு, உன் தம்பியை…"

"அம்மாவுக்குத் தெரியும்," என்றாள் எம்மட்.

எல்லாரும் திரும்பினார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் எம்மட் பேசியதே இல்லை. நிறுத்தினால் பேச்சு மறுபடி வராது என்று தெரிந்ததால் பேசிக்கொண்டே போனாள்.

"எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். அப்பா பழகறப்ப பாத்திருக்காங்க. எந்தக் கைன்னு இன்னைக்கு அவங்கதான் இவருக்குச் சொன்னாங்க. ஒரு நிமிசம் இருங்க மாமா." அவள் சுவரோரம் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. "அம்மா. அந்தத் துடைக்கிற இடம் மட்டும்தாம்மா. இவருக்கு ஒரே ஒரு தடவை காட்டிடும்மா."

அம்மா அவளைப் பார்த்தாள். இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது.

"வார்த்தை மாறல," என்றாள். "அதே வார்த்தை."

"என்னம்மா?"

"இடோனி," என்று வாரின் ஏதோ சொல்ல வந்தார்.

"மாதா எந்தக் கனவுலயும் வரலண்ணே," என்றாள் அம்மா. சந்தையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள். "வில்கினை ஆத்துலேர்ந்து எடுத்தப்ப கரையில நானும் இவரும்தான் இருந்தோம். வேற யாருமில்ல. நான்தான் எறங்கி எடுத்தேன். காலெல்லாம் சேறு. ஊதினேன். அடிச்சேன். அப்புறம் சேத்தோட எப்படித் தெருவுல தூக்கிட்டுப் போறதுன்னு தொடைச்சேன். இவரு தள்ளி நின்னாரு. கிட்ட வரல. புள்ளையைப் பாக்கல. என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு பாக்கறாருன்னு தெரிஞ்சதும் எனக்கு அழுகை நின்னுபோச்சு. எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்."

ஹாவிஸின் கை வாய்க்குப் போனது. பியர்ஸ் முக்காட்டைத் தலையிலிருந்து மெதுவாக எடுத்தான்.

"வேணாம்மா," என்றாள் எம்மட். "போதும்."

"கேட்டியே. கேளு. அடுத்த திருநாளுக்கு முந்தின நாள். நீ வயித்துல இருந்தே. இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தேன். தலைகாணியைக் கொண்டாந்து புள்ள மாதிரி என் மடியில வெச்சாரு. எல்லாம் வந்துடுச்சு, தொடைக்கிற இடம் மட்டும் பிடிபடல, ஒரே ஒரு தடவை காட்டுன்னாரு."

எம்மட்டுக்குத் தன் விரல்கள் இன்னும் அம்மாவின் கையைப் பிடித்திருப்பது தெரிந்தது. விடவும் முடியவில்லை.

"நீ என்ன பண்ணினே?"

"காட்டினேன்," என்றாள் அம்மா. "ஆத்தங்கரையில வந்ததைவிட நல்லா வந்துச்சு."